தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டியாகப் பெரிய பிக்கப் சரிவருமா? (வேலூர்)

ஒடுகத்தூரான்

எல்லோருக்கும் வணக்கம். வீடு சத்துவாச்சாரியில், நிலம் ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில். முள்ளு கத்திரி, நிலக்கடலை, வரப்போரம் கொஞ்சம் தென்னை, நாலு மாடு. இப்போது இருப்பது ஒரு பழைய ஹேட்ச்பேக் கார். வாரத்தில் நாலு நாள் அதன் டிக்கியில் தவிடும் புண்ணாக்கும் ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை அதே காரில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகவேண்டும், வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கத்திரிக்காய் லோடுக்கு ஊரில் ஒரு அண்ணனின் டாட்டா ஏஸை வாடகைக்குப் பிடிப்பேன். சீசனில் அவருக்கு நூறு பேர் போன் போடுவார்கள், விடியற்காலை நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய காய் எட்டு மணிக்குப் போய்ச் சேரும், அதற்குள் விலை இறங்கியிருக்கும்.

அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டியாக டபுள் கேபின் (இரண்டு வரிசை சீட்) ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கிறது) பிக்கப் எடுத்துவிடலாம் என்று யோசனை. டொயோட்டா ஹைலக்ஸ் அல்லது இசுசு வி-கிராஸ். கையில் கொஞ்சம் இருக்கிறது, மீதிக்கு லோன், ஆன்-ரோடு 35 லட்சம் வரை போகலாம். தம்மாமில் இருக்கும் மச்சான் அங்கே அமெரிக்கன் ஃபுல் சைஸ் பிக்கப் ஓட்டுகிறார், "எடுத்தால் இந்த மாதிரி எடு, மற்றதெல்லாம் பொம்மை" என்று தினமும் போட்டோ அனுப்பி என்னைக் கெடுத்து வைத்திருக்கிறார். அது இங்கே நடக்காது என்று தெரியும். ஆனாலும் இந்த வகை வண்டியில் உண்மையிலேயே என்ன நல்லது, எங்கே கடிக்கும் என்று ஓட்டியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஷோரூமில் சொன்னதெல்லாம் கேட்டாயிற்று.

மண்டி லோடு

தம்பி, கோபப்படாமல் கேளுங்க. நீங்கள் கேட்பது லோடு வண்டி, பார்ப்பது ஷோக்கு வண்டி.

ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் டார்க். இன்ஜினைக் குறை சொல்ல வாயே வராது, ஃபார்ச்சூனரில் இருக்கும் அதே இன்ஜின். ஆனால் இந்தியாவில் அதற்குக் காகிதத்தில் கொடுத்திருக்கும் பாரம் ஐந்நூறு கிலோவுக்கும் கீழே. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. பத்து மூட்டை போட்டால் 450, அத்தோடு கதை முடிந்தது. பத்து லட்சத்தைச் சுற்றிக் கிடைக்கிற பொலேரோ பிக்கப் எடுத்தால் மாடலைப் பொறுத்து 1.3 டன்னில் ஆரம்பித்து 2 டன் வரை ஏற்றலாம். டாட்டா யோதாவும் அதே கணக்குதான். மூன்று மடங்கு காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்கு லோடு ஏற்றுவது எந்த ஊர் விவசாயம்?

அப்புறம் அந்தப் பின்பக்கத் தொட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ஏறக்குறைய ஐந்தடிக்கு ஐந்தடி. அதில் இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே மேடு துருத்திக்கொண்டு நிற்கும். நம் காய் கிரேட் இரண்டடி நீளம், ஒன்றேகால் அடிக்கு மேல் அகலம். கீழ் வரிசையில் எட்டு வைக்கவே திருப்பித் திருப்பி அடுக்கவேண்டும், மேட்டின் மேல் வைத்தது ஆடிக்கொண்டே வரும். பிளாட் பெட் வண்டி என்றால் பக்கக் கதவை இறக்கிவிட்டு லோடுமேன் நின்ற இடத்திலேயே எடுத்துவிடுவான். இதில் பின்கதவு ஒன்றுதான் திறக்கும், உள்ளே ஏறிக் குனிந்து இழுக்கவேண்டும். லாங்கு பஜார் பக்கம் காலையில் உங்கள் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது அந்தக் குனிந்து எடுக்கிற வேலை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்க.

காட்பாடி டீசல்

மேலே அண்ணன் சொன்னது லோடு விஷயத்தில் சரி. ஆனால் வண்டியை ஒரேயடியாக ஷோக்கு என்று தள்ளுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இந்த வகையில் ஒன்று வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, சொன்னால் திரி அத்தோடு வேறு பக்கம் போய்விடும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர் மாதிரி மலைப்பாதையில் மழை நாளில் ஏறிப் பாருங்க, அப்போதுதான் இதற்கு ஏன் இவ்வளவு காசு என்று புரியும். லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடுகிற கியர்) போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரில் லேசாகக் கால் வைத்தால் போதும், வண்டி தானாக ஊர்ந்து ஏறும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவேண்டியதில்லை, இன்ஜினே பிடித்துக்கொள்ளும். நிலத்துக்குள் சேறு, ஓடைக்கால், உழுத மண் எதற்கும் யோசிக்கவேண்டியதில்லை. இரும்புச் சட்டத்தின் (சேசிஸ்) மேல் உட்கார்ந்திருக்கிற பாடி, பள்ளத்தில் விழுந்தாலும் கீழே உரசுமோ என்ற பயம் இல்லை. பெங்களூர் ரோட்டில் நூறில் போனாலும் இன்ஜின் சத்தமே எடுக்காது, ஓவர்டேக்குக்கு அழுத்தினால் உடனே பாய்கிறது.

கடிக்கிற இடம் வேறு. பின்னால் பட்டை ஸ்ப்ரிங், அது பாரத்துக்காகச் செய்தது. காலியாகப் போனால் காட்பாடியிலிருந்து சித்தூர் ரோட்டில் வருகிற ஒவ்வொரு ஒட்டுப் போட்ட இடத்திலும் பின்சீட்டில் இருப்பவரை எழுப்பி உட்கார வைக்கும். ஒரு நூற்றைம்பது, இருநூறு கிலோ பின்னால் இருந்தால் அதே வண்டி அமைதியாகிவிடும். மழையில் காலி வண்டிக்குப் பின்பக்கம் லேசு என்பதால் வளைவில் வால் வழுக்கும், ரியர் வீல் டிரைவில் ஓட்டும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். அதற்காகத் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு ஓட்டாதீங்க. இவை பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர், முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, காய்ந்த ரோட்டில் திருப்பினால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் முறுக்கிக்கொள்ளும். என் சர்வீஸ் சென்டரில் டெலிவரி கொடுத்த பையனுக்கே அது தெரியவில்லை, "மழையில் போட்டுக்கோங்க சார், சேஃப்" என்று சொல்லி அனுப்பினான். ஈரத்தில் கொஞ்சம் வழுக்க இடம் இருப்பதால் தப்பிக்கலாம், வெயில் அடித்த ரோட்டில் அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸுக்குக் கேடு.

இன்னொன்று, நீளம். ஹைலக்ஸ் 5.3 மீட்டர் சொச்சம், வி-கிராஸும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பதினேழரை அடி. சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டு போர்ட்டிகோ எத்தனை அடி? பெரும்பாலான வீட்டில் பதினைந்து, பதினாறுதான் விட்டுக் கட்டியிருப்பார்கள், கேட் மூடாது. சிஎம்சி பக்கம் பார்க்கிங் தேடுவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, வேலூர்க்காரருக்குத் தெரியாததா.

டவுனுக்குள்ளேயே குட்டி குட்டி ஓட்டம் மட்டும் என்றாலும் பிரச்சினை. பிஎஸ்6 டீசலில் புகைக் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று மட்டும் சுற்றினால் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். உங்களுக்கு ஒடுகத்தூர் ஓட்டம் இருக்கிறது, அதனால் பரவாயில்லை.

மைலேஜ் பத்து, பதினொன்று எதிர்பாருங்க. அதற்கு மேல் சொன்னால் நம்பாதீங்க.

சிவப்பு மண்

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். பின்னால் ஆள் ஏற்றுகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்க. களை எடுக்க வருகிறவர்களைத் தொட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. சட்டப்படி அது கூடாது, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், கோர்ட்டில் நஷ்டஈடு உங்கள் தலையில்.

அதேபோல வெள்ளை போர்டில் சொந்தக் காயை ஏற்றலாம், பக்கத்து நிலத்துக்காரர் காயை வாடகைக்கு ஏற்றினால் தப்பு. வாடகைக்கும் ஓட்டலாம் என்று யோசித்தால் மஞ்சள் போர்டு, எஃப்சி (தகுதிச் சான்று) எல்லாம் வரும். புது வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதன்பின் வருஷாவருஷம். லைசன்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண கார் லைசன்ஸிலேயே 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஹூஸ்டன் ஆம்பூரான்

சொந்த ஊர் ஆம்பூர், இப்போது டெக்சாஸ். இங்கே வீட்டுக்கு ஒரு ஃபுல் சைஸ் பிக்கப் நிற்கும், என் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. மச்சான் அனுப்புகிற போட்டோவுக்குப் பின்னால் இருக்கிற கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அதே கணக்கு உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் அளவு. எஃப் 150, சில்வராடோ, ராம், டன்ட்ரா இவைதான் இங்கே ஃபுல் சைஸ். ஹைலக்ஸ் அளவெல்லாம் இங்கே மிட் சைஸ். நாலு கதவு எஃப் 150 சின்னத் தொட்டியோடு கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், கண்ணாடிகளைச் சேர்க்காமலே இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். குடியாத்தம் பஜாரில் ஒரு தடவை திருப்பிக் காட்டினால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

இதன் பலம் இழுவை. படகு, குதிரை டிரெய்லர், வீடு மாதிரி கேம்பர் எல்லாம் இழுப்பார்கள். சரியான இன்ஜினும் டோயிங் பேக்கேஜும் போட்ட எஃப் 150 ஆறு டன் வரை இழுக்கும் என்று கம்பெனி விளம்பரம் செய்கிறது. பொய் இல்லை. ஆனால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 1,500இலிருந்து 2,000 பவுண்டு, அதாவது 700இலிருந்து 900 கிலோ. ஆட்களும் சேர்த்து என்பதைக் கவனிங்க. டிரெய்லரின் மூக்கு எடை (வண்டியின் கொக்கியில் அது அழுத்துகிற எடை), டிரெய்லர் மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். மூன்று டன் டிரெய்லர் என்றால் மூக்கில் 300இலிருந்து 450 கிலோ. நாலு பெரிய ஆட்கள் ஏறினால் 300. தொட்டியில் ஐஸ் பெட்டியும் ஜெனரேட்டரும் வைப்பதற்கு முன்பே வண்டி நிரம்பிவிட்டது. ஆறு டன் என்று கத்துகிற விளம்பரத்தில் இந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

மற்றபடி சொகுசு என்றால் சொகுசுதான். பின்சீட்டில் மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம், நெடுஞ்சாலையில் பத்து மணி நேரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காது. பெட்ரோல் லிட்டருக்கு எட்டு, எட்டரை கிலோமீட்டர், இங்கே பெட்ரோல் விலைக்குத் தாங்கும். பானெட் உயரம் ஒரு குறை. முன்னால் சின்னப் பிள்ளை நின்றால் சீட்டிலிருந்து தெரியாது, கேமரா இல்லாமல் வீட்டு வாசலில் நகர்த்தவே எனக்குப் பயம். தொட்டியும் அந்த அளவுக்கு உயரம், குட்டையானவர்கள் பக்கவாட்டிலிருந்து கை விட்டு ஒரு பையைக்கூட எடுக்க முடியாது.

இங்கே பாதிப் பேர் தொட்டியில் எதுவுமே ஏற்றுவதில்லை, அது வேறு கதை. ஹைலக்ஸ் இங்கே விற்பனைக்கே கிடையாது. வெளிநாட்டு லேசு ரக டிரக்குக்கு 1964இலிருந்து 25 சதவீத வரி இருக்கிறது, கோழி இறக்குமதிச் சண்டையில் போட்ட வரி, இன்னும் எடுக்கவில்லை. அதனால் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமைதான்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். சவூதியில் ஓடுவது இடது பக்க ஸ்டீயரிங், அதை இங்கிருந்தோ அங்கிருந்தோ இறக்கிப் பதிவு செய்ய விதியில் இடமில்லை. வலது பக்கத்துக்கு மாற்றியதை வாங்கினாலும் சுங்க வரி சேர்ந்து விலை இரட்டிப்பைத் தாண்டிவிடும்.

ஒடுகத்தூரான்

எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் பத்தியை அப்படியே அனுப்பிவிட்டேன், ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை.

போர்ட்டிகோவை அளந்து பார்த்தேன், பதினாறு அடி. துளசி மாடத்தை நகர்த்தினால் வரும், அம்மாவிடம் யார் சொல்வது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்காமல் நான் சொல்ல மறந்த இரண்டு விஷயம். அப்பாவுக்கு முட்டி வலி, பாகாயம் வரை மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும், இவ்வளவு உயர வண்டியில் ஏறி இறங்க முடியுமா? அடுத்தது லோடு. சீசனில் கத்திரி ஒரு நடைக்கு முப்பது, முப்பத்தைந்து கிரேட் போகும். மற்ற நாளில் தீவனம் நாலைந்து மூட்டை, அவ்வளவுதான்.

மண்டி லோடு

முப்பத்தைந்து கிரேட், ஒன்றுக்கு இருபது கிலோ வைத்தாலே 700 கிலோ. முடிந்தது தம்பி. இரண்டு நடை அடிக்கவேண்டும், முதல் நடை விலை வேறு, இரண்டாவது நடை விலை வேறு. வண்டி இழுக்காது என்று சொல்லவில்லை, இழுக்கும். அதிக பாரம் என்று வழியில் பிடித்தால் அபராதம், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பதே அந்த எடையைத்தான்.

என்னைக் கேட்டால் புது பொலேரோ பிக்கப் ஒன்று, கூட நாலைந்து வருஷம் ஓடிய நல்ல செடான் அல்லது இன்னோவா ஒன்று. இரண்டும் சேர்ந்து உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்து மிச்சமும் இருக்கும். பிக்கப் தோட்டத்திலேயே நிற்கட்டும், சாவி அங்கே இருக்கிற ஆளிடம். நீங்கள் சத்துவாச்சாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே காய் மார்க்கெட்டுக்குப் போய்விடும். ஒரே வண்டி என்றால் ராத்திரி நீங்கள்தான் ஒடுகத்தூர் போகவேண்டும், அதை யோசித்தீர்களா?

காட்பாடி டீசல்

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா, நியாயம்தான்.

அப்பா விஷயம்: சைடு ஸ்டெப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும், கைப்பிடியும் இருக்கிறது. ஆனால் முட்டி வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். என் மாமியார் இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒருவர் கீழே நிற்கவேண்டும். பின்சீட் முதுகும் காரில் இருப்பதைவிடக் கொஞ்சம் நட்டுக்குத்தலாக இருக்கும், ஏனென்றால் அதன் பின்னாலேயே கேபின் சுவர். அப்புறம் டிக்கி கிடையாது. ஐந்து பேர் திருப்பதி போனால் பெட்டி எல்லாம் திறந்த தொட்டியில்தான், மழைக்கும் திருட்டுக்கும் மூடி வாங்கிப் போடவேண்டும். அது தனிச் செலவு, நல்லதாக வாங்கினால் சின்னச் செலவும் இல்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது, பொலேரோ கேம்பர். டபுள் கேபின், ஏறக்குறைய ஒரு டன் பாரம், விலை பிக்கப்பைச் சுற்றியே. ஃபோர் பை ஃபோரும் வருகிறது. சொகுசு என்று எதையும் எதிர்பார்க்காதீங்க, கல்யாணத்துக்கு அதில் போனால் புடவைப் பேச்சு இன்னும் பெரிதாகும்.

சிவப்பு மண்

பெரிய பிக்கப்தான் என்று முடிவெடுத்தால் வரியையும் பாருங்க. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அந்தக் கணக்கில் போட்டார்கள் என்றால் முப்பது லட்சம் வண்டிக்கு வரி மட்டும் ஆறு லட்சம், உங்கள் 35 அங்கேயே தாண்டிவிட்டது. எந்த வகையில் பதிவாகும், ஆர்சியில் பாரம் எத்தனை கிலோ என்று வரும், இரண்டையும் புக்கிங் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்க. வாயால் சொல்வது எதுவும் செல்லாது.

ஒடுகத்தூரான்

ஆறு லட்சம் வரி என்பதைப் படித்ததும் வீட்டம்மா போனை வாங்கித் தானே மேலிருந்து முழுவதும் படித்தார். பிக்கப் தோட்டத்தில், கார் வீட்டில் என்ற யோசனைக்கு உடனே ஓட்டுப் போட்டுவிட்டார், காரில் இனிமேல் தவிடு ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடு. எனக்கு மனசு இன்னும் முழுசாக விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஹைலக்ஸ் டெஸ்ட் டிரைவ் போட்டிருக்கிறேன், அப்பாவையும் கூட்டிப்போகிறேன்.

மண்டி அண்ணா, பொலேரோவில் 1.3 போதுமா, 1.7 எடுக்கலாமா? தோட்டத்துப் பாதையில் கடைசி அரைக் கிலோமீட்டர் மண் ரோடு, மழையில் டிராக்டர் தடம் ஆழமாக விழும்.

மண்டி லோடு

உங்கள் லோடுக்கு 1.3 தாராளம். 1.7 நீளம் கூட, காலியாக வரும்போது தூக்கி அடிக்கும். மண் ரோட்டுக்கு நல்ல பட்டன் உள்ள டயர் பின்னால் போடுங்க. ஞாயிறு டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது கையோடு ஒரு காலி கிரேட் எடுத்துப்போய்த் தொட்டியில் வைத்துப் பாருங்க, சேல்ஸ்மேன் முகத்தையும் பாருங்க.